ஹிப்ஹாப் ஆல்பங்கள்: காரைக்குடியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காரைக்குடி செக்காலைப் பக்கம் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடிப்பது தொழில். மெஷின் ஓடும்போது கூடவே ஹிப்ஹாப் ஓடுவது பழக்கம். ஞாயிறு சாயங்காலம் வீட்டு முகப்பில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்போம். கல்லூரிப் பையன்கள் வருவார்கள், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வருவார், சமயத்தில் உள்ளேயிருந்து என் அப்பத்தாவும் வந்து உட்காரும். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைத்துவிட்டேன். தீர்ப்பெல்லாம் என் காது சொன்னது. உங்கள் காது வேறு சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

ராப்பும் ஹிப்ஹாப்பும் ஒண்ணா, வேற வேறயா?

தாளத்தின் மேல் வார்த்தையைப் பேசுவது ராப். ஹிப்ஹாப் அதைவிடப் பெரிய குடும்பம். இசைத்தட்டு ஓட்டும் டிஜே, ஆட்டம், சுவரில் எழுதும் கிராஃபிட்டி எல்லாம் அதில் சேர்த்தி. அந்தக் குடும்பத்தில் பாடுகிறவனைவிட டிஜேதான் மூத்தவர். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில், தன் தங்கை வைத்த விருந்தில் இசைத்தட்டு ஓட்டினார் கூல் ஹெர்க் என்ற டிஜே. அந்த இரவைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பாட்டுக்கு நடுவே தாளம் மட்டும் தனியாக வரும் சில நொடிகளில்தான் கூட்டம் ஆடுகிறது என்று கண்டுகொண்டவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, அந்த இடத்தையே மாற்றி மாற்றிப் போட்டு நீட்டினார்.

இசைத்தட்டு நம் ஊருக்குப் புதுசு கிடையாது. ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். படம் எடுக்கப் போவதற்கு முன் கிராமபோன் தட்டு வியாபாரத்தில் இருந்தவர். தட்டை ஊசிக்கடியில் முன்னும் பின்னும் தேய்த்தால் நமக்கெல்லாம் வீட்டில் அடி விழுந்திருக்கும். அங்கே அதுவே ஒரு வாத்தியமாகிவிட்டது.

கடகடன்னு பேசுறது எப்படிங்க பாட்டாகும்?

வேகத்தை மறந்துவிடுங்கள். எரிக் பி, ராக்கிம் இருவரும் 1987இல் போட்ட 'பெய்ட் இன் ஃபுல்' ஆல்பத்தில் ராக்கிம் பேசுவதைக் கேளுங்கள், வெற்றிலை மென்றுகொண்டே கதை சொல்கிற மாதிரி அவ்வளவு நிதானம். வார்த்தை தாளத்தின் தலையில் விழுகிறதா, அரை இழை பிந்தி விழுகிறதா, மூச்சு எங்கே எடுக்கிறான், எந்த வார்த்தையை நடுவில் முறித்து அடுத்த அடிக்குக் கொண்டுபோகிறான், இவைதான் சங்கதி. மெட்டு இல்லையென்றால் பாட்டில்லை என்பீர்களானால், தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து காபி குடிக்கப் போகிற ஆள் நீங்கள் என்று அர்த்தம்.

எந்த ஆல்பத்துல ஆரம்பிக்கிறதுண்ணே?

எ டிரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் 'தி லோ எண்ட் தியரி', 1991. சத்தம் போடாது, மிரட்டாது. முதல் பாட்டிலேயே குழுவின் ராப்பர் கியூ-டிப் தன் அப்பாவை இழுக்கிறார். பையன் கேட்கும் ஹிப்ஹாப், அப்பாவுக்குத் தன் காலத்து பீபாப் என்ற ஜாஸ் வகையை ஞாபகப்படுத்துகிறதாம். 'என்ன கண்றாவி இது' என்று சொல்லாத ஓர் அப்பா! இன்னொரு பாட்டில் ஜாஸ் உலகின் பெரிய கை ரான் கார்ட்டர் வந்து பேஸ் என்ற கனத்த ஓசைத் தந்தி வாத்தியம் வாசித்திருக்கிறார். குறை என்றால், நடுவில் இரண்டு மூன்று பாட்டு ஒரே நடையில் போகும். இட்லி தின்றுகொண்டே கேட்டால் அதுவும் தெரியாது.

இங்கிலீஷே அரைகுறை, இதுல அவங்க தெருப் பேச்சு வேற. எப்படிக் கேக்குறது?

எனக்கும் புரியாமல்தான் ஆரம்பித்தது. முதல் தடவை குரலை ஒரு தாளக் கருவியாக மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாம் தடவை காகிதத்தைக் கீழே வைத்துவிடுங்கள். மூன்று தடவை கேட்கப் பொறுமை தராத ஆல்பம் என்றால் குற்றம் உங்கள் மேல் இல்லை.

ஒரு ஆல்பம் நல்லதுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?

எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது, பிரிக்க வந்த மேஸ்திரி முகப்பில் நின்று ஒவ்வொரு தூணாகக் கையால் தட்டிக்கொண்டே வந்தார். 'இது சுமக்குது... இது சுமக்குது... இது சும்மா நிக்குது.' எனக்கு அப்போது வயது பதினெட்டோ பத்தொன்பதோ. அன்றிலிருந்து ஆல்பத்துக்கும் அதே சோதனைதான். ஒரு பாட்டை உருவினால் மேலே ஏதாவது சரிகிறதா? சரிந்தால் அது தூண். ஒன்றும் ஆகவில்லையென்றால் அழகுக்கு நிற்கிறது.

ராப் ஆல்பங்களின் பெரிய வியாதி நீளம். குறுந்தட்டில் 80 நிமிடம் வரை கொள்ளும் என்று வந்ததும், கொள்ளுகிற மட்டும் அடைத்தார்கள். பாட்டுக்கு நடுவே வரும் நாடகப் பேச்சு, நண்பனுக்கு ஒரு வாய்ப்பு, நண்பனின் தம்பிக்கு ஒரு வாய்ப்பு. பந்தியில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் வைத்துக்கொண்டே போகிற உபசாரம்தான் இது.

இல்மாட்டிக்கை இப்படித் தூக்கி வச்சுக் கொண்டாடுறீங்களே, அதுல ஒரு குறையும் இல்லையா?

நியூயார்க் ராப்பர் நாஸின் 'இல்மாட்டிக்' 1994 ஏப்ரலில் வந்தது. அப்போது அவருக்கு வயது 20. மொத்தம் 10 டிராக், 40 நிமிடத்துக்கும் குறைவு. டிஜே பிரிமியர், பீட் ராக், லார்ஜ் புரொஃபசர், கியூ-டிப், எல்.இ.எஸ். என்று பல பேர் இசையமைத்தும் ஒரே வீட்டுக் கட்டுமானம் போல நிற்கிறது. காரணம், எல்லாப் பாட்டும் அவர் வளர்ந்த குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பின் அதே ஜன்னலிலிருந்து பார்க்கிறது. ஒரு பாட்டின் கடைசியில் அவருடைய அப்பா ஓலு தாரா கார்னெட் ஊதுகிறார். மகன் பேசி முடித்த இடத்தில் அப்பா ஒரு வார்த்தை பேசாமல் ஊதிவிட்டுப் போகிறார்.

எனக்கு அதில் உயிர் 'ஒன் லவ்'. சிறையில் இருக்கும் நண்பனுக்கு எழுதும் கடிதம்தான் பாட்டு. உனக்கு மகன் பிறந்திருக்கிறான், உன்னை மாதிரியே இருக்கிறான், உன் வீட்டுக்காரி ஏன் உனக்கு எழுதுவதில்லை என்று விசாரிக்கிறான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்களுக்கு இங்கிருந்து எழுதின கடிதங்களை எங்கள் பெட்டகத்தில் பார்த்திருக்கிறேன். மழை, வட்டிக் கணக்கு, பிள்ளை பிறந்த சேதி, கேட்டும் கேட்காத மாதிரி ஒரு குறை, எல்லாம் ஒரே தாளில் இருக்கும். நாஸின் கடிதத்துக்கும் அந்த வாசம் உண்டு.

குறை உண்டு. 'ஒன் டைம் 4 யுவர் மைண்ட்' என்ற பாட்டை உருவினால் மேலே ஒரு தூசி கூட விழாது. அதைவிடப் பெரிய குறை, அவ்வளவு கூர்மையான கண்ணுக்கு அந்தத் தெருப் பெண்கள் மட்டும் சரியாகப் படவேயில்லை.

டூபாக் பெருசா, பிக்கி பெருசா?

இருவரும் தொண்ணூறுகளின் அமெரிக்க ராப்பர்கள். ஆள் என்று பார்த்தால் டூபாக், ஆல்பம் என்று பார்த்தால் பிக்கி. டூபாக்கின் 'ஆல் ஐஸ் ஆன் மீ' (1996) இரண்டு தட்டு, 27 பாட்டு. மேஸ்திரியை உள்ளே விட்டால் பாதி வீடு காலியாகும். அவருடைய 'மீ அகெய்ன்ஸ்ட் தி வேர்ல்ட்' (1995) கேளுங்கள், அம்மாவுக்கு எழுதிய பாட்டு அதில்தான் இருக்கிறது. பிக்கியின் 'ரெடி டு டை' (1994) ஆல்பத்தில் ஒரு பாட்டில் இரண்டு திருடர்கள் பேசிக்கொள்வார்கள். இரண்டு குரலும் அவரேதான் என்று எனக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. 1996 செப்டம்பரிலும் 1997 மார்ச்சிலும் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு இந்தக் கேள்வியில் வேடிக்கை எதுவும் பாக்கி இல்லை.

அடுத்தவன் பாட்டை வெட்டி ஒட்டுறது திருட்டு இல்லையா?

சாம்பிள் பற்றிய கேள்வி, அதாவது பழைய பாட்டின் ஒரு துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் வைப்பது. இதைக் கேட்டவர் நின்ற இடம் எங்கள் முகப்பு. தலைக்கு மேலே பர்மாத் தேக்கு. இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் தரையில் இத்தாலி மார்பிள், சுவரில் ஜப்பான் ஓடு, ஜன்னலில் பெல்ஜியம் கண்ணாடி என்று இருக்கும். அத்தனையும் வேறு ஊர்ச் சரக்கு. ஆனாலும் அது செட்டிநாட்டு வீடு, வேறு எங்கும் பார்க்க முடியாது. பப்ளிக் எனிமி என்ற ராப் குழு 1988இல் போட்ட ஆல்பத்தில் பாம் ஸ்குவாட் என்ற இசையமைப்புக் குழுவினர் செய்தது அந்த வேலைதான். எங்கிருந்தோ எடுத்த கத்தல், கொம்பு, மத்தளத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, முன்பு இல்லாத ஒரு சத்தத்தைக் கட்டினார்கள்.

ஆனால் கதைக்கு மறுபக்கம் உண்டு. வீட்டைப் பிரித்துத் தூணும் நிலைக்கதவும் பழைய சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்து, அங்கிருந்து எங்கோ ஓர் ஓட்டல் வரவேற்பறையில் போய் நிற்கும். பார்த்துவிட்டு 'ஆகா' என்பார்கள். செதுக்கிய ஆசாரி பெயர் யாருக்குத் தெரியும்? ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். அந்தச் சில நொடித் தாளம் எண்ணற்ற ராப் பாட்டுகளுக்கு அடித்தளம். எழுதியவர் பட்டியலில் அவர் பெயர் இல்லாததால் உரிமைத்தொகை என்று அவருக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை. எடுப்பது தப்பில்லை, சொல்லாமலும் கொடுக்காமலும் எடுப்பதுதான் தப்பு என்பது என் கட்சி.

சட்டம் வந்த விதமும் சரியில்லை. அனுமதி இல்லாமல் சாம்பிள் எடுத்ததற்காக ராப்பர் பிஸ் மார்க்கி மேல் போட்ட வழக்கில், 1991இல் நீதிபதி 'திருடாதே' என்ற பைபிள் வாக்கியத்தோடே தீர்ப்பை ஆரம்பித்தார். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி, ஒவ்வொன்றுக்கும் காசு. பிஸ் மார்க்கி 1993இல் போட்ட அடுத்த ஆல்பத்துக்கு 'ஆல் சாம்பிள்ஸ் கிளியர்ட்' (எல்லா சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாச்சு) என்றே பெயர் வைத்தார், அந்தக் குசும்புக்காகவே அவரைப் பிடிக்கும். டி லா சோல் குழுவின் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' 1989இல் வந்தது. உரிமைச் சிக்கல்கள் தீர்ந்து, போனில் கேட்கிற ஸ்ட்ரீமிங்குக்கு வர 2023 மார்ச் ஆகிவிட்டது. அதற்குச் சில வாரம் முன்புதான் குழுவில் ஒருவரான டேவ் இறந்துபோனார்.

எமினெம் ஏன் உங்க லிஸ்ட்ல இல்ல?

'தி மார்ஷல் மாதர்ஸ் எல்பி' (2000) என்னிடம் இருக்கிறது, 'ஸ்டான்' பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. மேலே 'ஒன் லவ்' கடிதம் பற்றிச் சொன்னேன் அல்லவா, இது அதற்கு நேர் எதிர்க் கடிதம். ரசிகன் எழுதிக்கொண்டே இருக்கிறான், பதில் வரவில்லை, கடைசியில் பதில் எழுத உட்காரும்போது காலம் கடந்துவிட்டது. கட்டுமானத்தில் அப்பழுக்கில்லை.

ஆனால் அதே ஆல்பத்தில் மனைவி பெயரையே வைத்து, அவளைக் கொல்வதாகக் கற்பனை செய்யும் பாட்டும் இருக்கிறது. ஒரு தடவை கேட்டேன், போதும். கற்பனைதானே என்பார்கள். சரி, கற்பனைதான். அந்தக் கற்பனையில் அடி வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்பப் பெண்களாகவும் தன்பாலீர்ப்பாளர்களாகவுமே இருப்பது ஏன் என்று கேட்கிறேன். இவ்வளவு திறமைக்கு இவ்வளவு சுலபமான இலக்கா? ஞாயிறு முகப்பில் அதைப் போடுவதில்லை, உள்ளே அப்பத்தா இருப்பது மட்டும் காரணமில்லை.

பொம்பளைங்க யாரும் நல்ல ஆல்பம் போடலையா?

கேட்டது ஒரு பெண்தான், கோபமாகத்தான் கேட்டார். லாரின் ஹில்லின் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' 1998. அடுத்த வருஷம் கிராமியில் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' விருது அதற்குக் கிடைத்தது, அதற்குமுன் எந்த ஹிப்ஹாப் ஆல்பமும் அதை வாங்கியதில்லை. ராப், பாட்டு இரண்டையும் ஒரே மூச்சில் செய்பவர். தன் பிள்ளைக்குப் பாடிய 'டு சயன்' ஓடியபோது அப்பத்தா, 'தாலாட்டா?' என்று கேட்டது. வேலைதான் முக்கியம், இப்போது குழந்தை வேண்டாம் என்று ஊர் சொன்னதை மீறிப் பெற்றதைப் பாடுகிறாள் என்றேன். 'அதுசரி, ஊருக்கென்ன வேலை' என்றது. ஆல்பத்தின் நடுநடுவே வரும் வகுப்பறைப் பேச்சு முதல் தடவை இனிக்கும், ஐந்தாம் தடவை தள்ளிவிடத் தோன்றும். அதற்குப் பிறகு அவரிடமிருந்து இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் வரவேயில்லை.

இப்போதைய ஆளில் லண்டனைச் சேர்ந்த லிட்டில் சிம்ஸ். 'சம்டைம்ஸ் ஐ மைட் பி இன்ட்ரோவர்ட்' (2021) பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசு பெற்றது. கொஞ்சம் நீளம்தான், ஆனால் அப்பாவிடம் பேசும் பாட்டை யாராவது உருவ வந்தால் கையை உடைப்பேன்.

கென்ட்ரிக்குக்குப் புலிட்சர் குடுத்தது ரொம்ப ஓவர் இல்லையா?

கொடுத்தது ஓவர் இல்லை, கொடுத்த ஆல்பம்தான் தப்பு. அமெரிக்க ராப்பர் கென்ட்ரிக் லமாரின் 'டாம்' (2017) ஆல்பத்துக்கு 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்விசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அது போனது அதுவே முதல் முறை. நல்ல ஆல்பம்தான், ஆனால் 2012இல் வந்த 'குட் கிட், மேட் சிட்டி' முன்னால் அது தம்பி. அதில் காம்ப்டன் நகரத்துப் பையன் ஒருவனின் ஒருநாள் கதை ஓடும். நடுநடுவே அம்மாவின் குரல் தொலைபேசியில் வரும்: வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் இன்னும் காணோமே, எப்போது கொண்டுவருவாய் என்று. பின்னால் துப்பாக்கி, சாவு, பிரார்த்தனை என்று ஆல்பம் எங்கெங்கோ போகும்போது, அந்த வண்டி மட்டும் நம் மனதில் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை. நாடகப் பேச்சு வியாதி என்று மேலே சொன்னேன், இங்கே அந்தப் பேச்சுதான் தூண்.

2015இன் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' இன்னும் பெரிய முயற்சி, கிட்டத்தட்ட 79 நிமிடம். பழைய பேட்டி ஒன்றிலிருந்து டூபாக்கின் குரலை எடுத்துவைத்துக் கடைசியில் அவரோடு உரையாடுகிறார். மதிக்கிறேன். ஆனால் மெஷினுக்கு மை ஊற்றும்போது என் கை தானாகப் போவது 2012க்குத்தான்.

நீளம் வியாதின்னீங்க. அப்புறம் 31 டிராக் இருக்கிற டோனட்ஸை ஏன் புகழ்றீங்க?

மாட்டிக்கொண்டேன். ஹிப்ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லாவின் 'டோனட்ஸ்' 2006 பிப்ரவரி 7, அவருடைய 32ஆம் பிறந்தநாளில் வந்தது. மூன்று நாளில் இறந்துபோனார். ராப் பாடுபவர் யாரும் இல்லை. 31 துண்டுகள், பெரும்பாலும் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாது, மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குள். எதை உருவினாலும் மேலே சரியாது. சரிவதற்கு மேலே கூரையே இல்லை, இது வீடு கிடையாது, மாலை. ஒரு பூ போனாலும் மாலைதான்.

முதல் துண்டுக்கு 'அவுட்ரோ' (முடிவுரை), கடைசித் துண்டுக்கு 'வெல்கம் டு தி ஷோ' (நிகழ்ச்சிக்கு வருக) என்று பெயர். கடைசி முடிந்த இடம் முதலில் போய் ஒட்டும். இதைச் சொன்னதும் தமிழாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'அந்தாதியப்பா இது. மண்டலிக்குது பாரு.' அபிராமி அந்தாதி 'உதிக்கின்ற' என்று தொடங்கி நூறாம் பாட்டில் அதே சொல்லில் போய் முடிவதைச் சொன்னார். அன்று சோதனையில் தோற்றது நான்தான்.

கன்யே ஆளு சரியில்லன்னு தெரிஞ்சும் கேக்கலாமா?

ராப்பர் கன்யே வெஸ்ட்டின் 'தி காலேஜ் டிராப்அவுட்' (2004) எனக்குப் பிடித்த ஆல்பம். 2022இல் அவர் யூதர்களைப் பற்றி வெறுப்போடு பேசியதைக் கேட்டபிறகு அதைப் போடக் கை வரவில்லை. கேட்கக்கூடாது என்று யாருக்கும் சொல்லமாட்டேன். எனக்கு ஓடவில்லை, அவ்வளவுதான்.

நம்ம தமிழ்ல அந்தத் தரத்துல ஒரு ஆல்பம் சொல்லுங்க பாப்போம்.

இல்மாட்டிக் வந்த அதே 1994இல் இங்கே 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்தது. அது சினிமாப் பாட்டு. ஆல்பம் என்றால் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழு 2006இல் போட்ட 'வல்லவன்'. கோலாலம்பூரிலிருந்து லீவுக்கு வந்த உறவுக்காரப் பையன் தட்டைக் கொண்டுவந்தான். இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டின் மேல் அவர்கள் ஏறிய விதம் இன்றும் கெத்து. ஆனால் தற்பெருமை அதிகம், பின்பாதி தொய்யும். ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப் ஹாப் தமிழன்' (2012) கல்லூரிப் பையன்களைத் தமிழில் ராப் எழுத வைத்தது, அந்தப் புண்ணியம் உண்டு. குடிக்கும் பெண்களுக்கு உபதேசம் செய்யும் 'கிளப்புல மப்புல' பாட்டுக்கு மட்டும் எமினெமுக்குச் சொன்ன பதிலையே படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று சொல் என்றால் அறிவும் ஆஃப்ரோவும் 2019இல் தந்த 'தெருக்குறள்'. அரக்கோணத்து ஆளான அறிவின் கோபத்துக்கு முகவரி இருக்கிறது. யார்மேல் கோபம், எதற்காக என்று வரிக்கு வரி தெரியும். பிறகு வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' ஆல்பம் இல்லை, தனிப்பாட்டு, அதனால் இங்கே எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. ஆங்கிலத்தில் பாடினாலும், ஈழத் தமிழ்க் குடும்பத்து லண்டன் பாடகி எம்.ஐ.ஏ.வின் 'கலா' (2007) நம் கணக்குத்தான். தன் அம்மா பெயரை வைத்திருக்கிறார், உள்ளே உறுமி இருக்கிறது, முதல் பாட்டிலேயே 'தளபதி'யின் காட்டுக்குயிலு எட்டிப் பார்க்கிறது.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு, ஆசிரியர் காட்டிக்கொடுத்தது. ஆங்கில ராப்பின் பலம் அடியின் கடைசியில் வரும் ஓசை, நம் இலக்கணத்தில் இயைபு. தமிழில் அது ரொம்ப மலிவு. 'வருவேன், தருவேன், பெறுவேன்' என்று வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தாலே தானாக ஒத்துப்போகும், உழைப்பே வேண்டாம். நம் ஆட்கள் பாதிப் பேர் அங்கேயே படுத்துக்கொள்கிறார்கள். அடியின் தொடக்கத்தில் எதுகையைப் பிடித்து, கடைசியை வேண்டுமென்றே முரணாக விடுகிறவன் எவனோ அவன்தான் அடுத்த ஆல்பத்தைப் போடப்போகிறான்.

திருப்புகழே ராப்தானே? நாமதானே முதல்ல கண்டுபிடிச்சோம்?

இல்லை. அருணகிரிநாதரின் சந்தம் பெரிய சாதனை, அதற்கு பிராங்ஸிலிருந்து சான்றிதழ் வாங்க வேண்டிய அவசியமில்லை. ராப்பும் அப்படியே. இரண்டு இசைத்தட்டு, மின்சாரம், வேலையில்லாத் திண்டாட்டம், கறுப்பின மக்களின் ஒரு குறிப்பிட்ட காலத் தெரு எல்லாம் சேர்ந்து பிறந்தது. நாக்கு வேகமாகப் புரளும் இடமெல்லாம் ராப் என்றால் ஏலம் போடுகிறவரும் ராப்பர்தான்.

போன் ஸ்பீக்கர்ல கேட்டாப் போதாதா?

போதாது. 'லோ எண்ட்' என்ற பெயரே அடிமட்டத்து ஓசையைச் சொல்வது, போனில் அதுதான் முதலில் காணாமல் போகும். ரான் கார்ட்டர் வாசித்தார் என்று சொன்னேனே, போனில் கேட்டால் அவர் அன்றைக்கு லீவு. பெரிய செலவு வேண்டாம், கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுகிறவர்களிடம் பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடி கிடைக்கும். நான் அப்படித்தான் வாங்கினேன்.

முதல் நாள் அதில் அந்த ஆல்பத்தைப் போட்டபோது, இரண்டாங்கட்டுப் பரணில் இருந்த பித்தளைப் போகணி ஒன்று ஒவ்வொரு பேஸ் அடிக்கும் 'ங்ங்' என்று கூடவே பாட ஆரம்பித்தது. அப்பத்தா வெளியே வந்து முகப்பைப் பார்த்தது, பரணைப் பார்த்தது, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது. இப்போதெல்லாம் ஞாயிறு சாயங்காலம் நான் வயரைச் சொருகும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குரல் வரும்: 'இருடா, அந்தப் போகணிய எறக்கி வச்சுர்றேன்.'